பொடி டப்பியும் நீல வாளியும்

அந்த போர்டைப் பாருங்கள் சார். 'புகையிலை உயிரைக் கொல்லும்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் இலையை வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள் இல்லையா? அது புகையிலையே இல்லை. தேக்கு. நரம்பு ஓடுகிற விதத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு பாவமும் அறியாத தேக்கிலை இந்த வெயிலில் நின்று அடுத்தவன் பழியைச் சுமக்கிறது. முதல் தடவை வந்தபோதே வாட்ச்மேனிடம் சொன்னேன். "இலதானே சார், விடுங்க" என்றார். காலேஜில் காலமெல்லாம் தாவரவியல் நடத்தியவன் நான். எப்படி விடுவது?

உட்காருங்கள். மணி அடித்தால்தான் கதவைத் திறப்பார்கள். கேரியரை இப்படி நிழலில் வையுங்கள். யாருக்குச் சாப்பாடு? தம்பிக்கா? குடியா? பரவாயில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குடி என்றால் ஊருக்குப் புரியும் என்று சொல்ல வந்தேன். பாட்டில், ரோட்டோரம், சண்டை, எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் வீட்டில் மாத்திரை சார். வலி மாத்திரை. அதைச் சொன்னால், "வலிக்குத்தானே போட்டார், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்பார்கள். அதனால் சொல்வதில்லை. யாராவது கேட்டால், மாப்பிள்ளை மில் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார், அவ்வளவுதான். இன்றைக்கு பஸ்ஸில் கண்டக்டர் என் பழைய மாணவன். "எங்க சார் இறங்கணும்?" என்றான். சிறுமலை அடிவாரத்தில் ஒரு செடி பார்க்கப் போகிறேன் என்றேன். "இந்த வெயில்லயா சார்?" என்றான். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்துதான் வந்தேன். இந்த வயதில், படித்த மனுஷன், பஸ் மறைகிற வரைக்கும் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன் சார். அசிங்கமாக இருந்தது.

ஒரு நிமிஷம். ...

ஹச்! மன்னிக்க வேண்டும். மூக்குப்பொடி. நீங்கள் போடுவீர்களா? இல்லையா? நல்லது, நல்லது. எனக்கு சைனஸ். இந்த டப்பியைப் பாருங்கள், அசல் வெள்ளி. ரிட்டயரான அன்றைக்கு டிபார்ட்மென்டில் கொடுத்தது. மற்றவர்களுக்கெல்லாம் சுவர்க்கடிகாரம்தான். எனக்கு மட்டும் யோசித்துச் செய்தார்கள். மூடியில் என் இனிஷியல். த. தணிகாசலம், பார்த்தீர்களா?

டிஸ்சார்ஜ் கையெழுத்துக்கு என்று மகளை மட்டும் ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டார்கள். மங்கையர்க்கரசி. ஒரே பெண். பேத்தியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். இன்றைக்கு மாப்பிள்ளையை அனுப்புகிறார்கள் சார். எங்கே அனுப்புகிறார்கள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. என் வீட்டுக்கு வரலாம். வராமலும் போகலாம். அதைச் சொல்கிறேன், அவசரமில்லை.

மாப்பிள்ளை பெயர் குமரகுரு. ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். வீட்டோடு மாப்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள், அந்த வார்த்தை அவருக்குப் பிடிக்காது. மில் என் வீட்டுக்குப் பக்கம், வீடு பெரிசு, என் மனைவி போன பிறகு நானும் தனி. அதனால் என்னோடு இருந்தார்கள். தங்கமான மனுஷன். சம்பந்தம் பேச வந்த புரோக்கர் சொன்னார், "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது சார். சிகரெட் மட்டும் எப்பவாச்சும்." நான் சிரித்துவிட்டேன். அது ஒரு பழக்கமா என்றேன். நீங்களே சொல்லுங்கள், நம் பக்கம் பெண் கொடுக்கிற யாராவது சிகரெட்டைக் கணக்கில் சேர்க்கிறோமா? குடிக்கிறானா, சீட்டு ஆடுகிறானா, அதோடு விசாரணை முடிந்தது. தாவரவியல் வாத்தியார் நானே அதோடு முடித்துக்கொண்டேன்.

ஹாஸ்டலில் பிடித்த பழக்கம் அது. பதினெட்டு வயசு. அங்கேதான் சார் எல்லாம் ஆரம்பம். என்னைக் கேட்டால் அந்த ஹாஸ்டல் வார்டனைத்தான் இந்த வாசலில் உட்கார வைக்க வேண்டும்.

மகள் உண்டானபோது, "அந்த வாடை குமட்டுது, விட்டுடுங்க" என்றாள். விட்டுவிட்டார்! ஒரே நாளில். எத்தனை பேரால் முடியும்? வாய் சும்மா இருக்க முடியாமல் கடலை மிட்டாயாகத் தின்று தள்ளினார். கதவு சத்தம் போட்டால்கூடக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டார். குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, காது குத்தியாயிற்று. அதுவரைக்கும் ஒரு இழுப்பு கிடையாது. அதற்கு நான் சாட்சி.

காதுகுத்து பழனியில். அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம். மண்டபத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டப்பியைத் திறந்து நீட்டினேன். "வேண்டாம் மாமா" என்றார். "சளிக்கு நல்லது மாப்பிள்ளை. இதில் புகை உண்டா, நெருப்பு உண்டா? குழந்தை பக்கத்தில் இருந்தால்கூடத் தொந்தரவில்லை" என்றேன். மகளைத் திரும்பிப் பார்த்தார், அவள் காது குத்திய ஆசாரியோடு பேசிக்கொண்டிருந்தாள். மாமனார் தன் கையால் நீட்டுகிறார், எப்படி மறுப்பது? ஒரு சிட்டிகை எடுத்தார். போட்டார் பாருங்கள் ஒரு தும்மல்! மண்டபமே திரும்பிப் பார்த்தது. காது குத்தி அழுதுகொண்டிருந்த குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்களில் ஒன்று சார் அது.

அதற்குப் பிறகு சாயங்காலம் மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி. நான் ஒரு சிட்டிகை, அவர் ஒரு சிட்டிகை. ஆமாம், மாமனாரும் மாப்பிள்ளையும்! அந்தக் காலத்தில் மாமனார் வந்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். நாங்கள் அப்படியில்லை, நண்பர்கள் மாதிரி. நான் செடிகளைப் பற்றிப் பேசுவேன், அவர் கேட்பார். புகையிலைக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் பங்காளி முறை, தெரியுமா உங்களுக்கு? நிகோடினை வேரில் காய்ச்சி இலைக்கு ஏற்றுகிறது அந்தச் செடி. எதற்கு? நமக்காக இல்லை சார், புழுவைக் கொல்ல. புழு கடித்தால் இன்னும் கூடக் காய்ச்சும். புழுவுக்கு வைத்த விஷத்தை மனுஷன் தேடிப் போய் வாங்கி மூக்கில் ஏற்றிக்கொள்கிறான் என்று சொல்வேன், மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பார். மனைவி போன பிறகு எனக்குப் பேச ஆள் இல்லாமல் இருந்தது. டப்பி சீக்கிரம் காலியாக ஆரம்பித்ததும் அவருக்கென்று நானே தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக்தான்.

ஒரு நிமிஷம். ... ஹச்! இந்தக் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், மில்லில் ஏணி சரிந்தது. தோள்பட்டையில் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வலிக்கு மாத்திரை, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே மாதிரி ஒருவர் இருந்தார். அதே முறிவு, அதே மாத்திரை. அவர் நாள் முடிந்ததும் நிறுத்திவிட்டு உரக்கடையைத் திறக்கப் போய்விட்டார். எங்கள் ஆளால் முடியவில்லை. வலி போன பிறகும் வலிக்கிறது என்றார். ஒவ்வொரு கடையாகத் தேடி, அப்புறம் ஒவ்வொரு ஊராகத் தேடி, அப்புறம் எங்கே வாங்குகிறார் என்றே தெரியாத நிலை. ஒருநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கண் சொருகிவிட்டார். அது இறங்கித் தத்தித் தத்தி நடந்து மாடிப்படி விளிம்புக்குப் போய்விட்டது. ஓடிப்போய் அதன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பட்டன் தெறித்து ஒவ்வொரு படியாக விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

ஏன் ஒருவரால் விட முடிகிறது, இன்னொருவரால் முடிவதில்லை? மகள் அழுதாள். நான் படித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். எலிகளை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள் சார். ஒரு கூட்டம் எலிகளுக்குக் குடிக்கிற தண்ணீரில் நிகோடின் கலந்து கொடுத்துவிட்டு, அப்புறம் கோகெயின் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர், அப்புறம் கோகெயின். நிகோடின் குடித்த எலிகள் ரொம்ப அதிகமாக ஆட்டம் போட்டன. கோகெயினை முதலில் கொடுத்து நிகோடினை அப்புறம் கொடுத்தால் அந்த வித்தியாசம் வரவில்லை. வரிசைதான் முக்கியம். மூளையில் சந்தோஷத்துக்கென்று ஓர் அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகோடின் அதற்குள் பெரிதாக ஒன்றும் கலாட்டா செய்வதில்லை. ஜன்னல் கொண்டியைத் தளர்த்திவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் வருகிறவன் லேசாகத் தள்ளினால் போதும்.

எலிக்கு நடந்தது மனுஷனுக்கு அப்படியே பொருந்துமா, கோகெயினுக்குச் சொன்னது வலி மாத்திரைக்குப் பொருந்துமா என்று கேட்டால், நானும் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையை விட முடியாமல் போகிறவர்களில் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அதிகம் என்று தனியாகவும் கணக்கெடுத்திருக்கிறார்கள். மகளிடம் இதையெல்லாம் விளக்கினேன். "ஹாஸ்டலில் தளர்ந்த கொண்டி அம்மா" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன்.

உங்களுக்கு இங்கே வட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாது. தம்பி புதுசு இல்லையா, கொஞ்ச நாள் கேரியரை மட்டும் வாங்கிக்கொண்டு பாத்திரத்தைத் திருப்பித் தருவார்கள். அப்புறம் கூப்பிடுவார்கள். ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சிகிச்சையில் இருக்கிறவரும் வீட்டு மனுஷர்களும் கலந்து உட்கார வேண்டும். நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. பாதி தண்ணீர். டாக்டர் ரெஹானா, சின்னப் பெண்தான், என் மகள் வயசு இருக்கும், அதட்டவே மாட்டார். அவர் ஒன்றுதான் கேட்பார்: "இவர் திரும்பி வர்ற வீட்டுல யாராவது பீடி, சிகரெட், பாக்கு, பொடி எதாவது போடுறீங்களா?" போடுகிறவர்கள் எழுந்து வந்து வாளியில் போட்டுவிட வேண்டும். போன ஞாயிறு ஒரு லாரிக்காரர் பீடிக்கட்டை அப்படியே போட்டார். ஓர் அம்மாள் இடுப்பிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, "எம்மவன் எந்திரிச்சு வந்தாப் போதும், இது என்ன பெரிய அமிர்தமா?" என்று விட்டெறிந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிட்டது.

அடுத்து டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார், உங்க வீட்ல?"

என் ஜிப்பா பையில் டப்பி இருந்தது. வெள்ளி டப்பி, என் இனிஷியல் போட்டது. அந்தத் தண்ணீரில், அந்தப் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் அதை யோசித்துப் பாருங்கள். நான் யார், அந்த லாரிக்காரர் யார் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது சார், மறைப்பானேன்? நான் சொன்னேன், "அப்படி யாரும் இல்லை டாக்டர்."

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் சொன்னதை வீட்டில் இன்னொருவர் சரி என்று சொல்ல வேண்டும். டாக்டர் மாப்பிள்ளையைக் கேட்டார், "என்ன குரு?"

அதற்குச் சற்று முன்னால்தான் அவர் எழுந்து நின்று தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். எந்தெந்த ஊர்க் கடை, யார் யாரிடம் என்ன பொய், குழந்தை, மாடிப்படி, பட்டன் எல்லாம். எனக்குத் தெரியாததைக்கூடச் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த பிளாஸ்டிக் டப்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது வாளியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது மேடம்" என்றார். புரோக்கர் சொன்ன அதே வார்த்தை. மகள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தாள்.

எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள் சார். அந்தப் புகையிலை அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

நானும் மகளும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். ரயில்வே கேட் போட்டிருந்தது. ஆட்டோக்காரர் டீ குடிக்க இறங்கினார். அப்போது சொன்னாள், "இங்க வந்து சேந்ததிலேருந்து அவரு சொன்ன மொதப் பொய் அதுதாம்ப்பா. உங்களுக்காகச் சொன்னாரு."

"மரியாதைக்காகச் சொல்லியிருப்பார்" என்றேன்.

"ஆமா. அன்னைக்குப் பழனியிலயும் மரியாதைக்காகத்தான வாங்கிப் போட்டாரு?"

அவள் பார்த்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம வட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. டப்பிய வாளியில போட்டுட்டு வாங்க. நாலு பேரும் சேந்து வீட்டுக்குப் போவோம். இல்லேன்னா திருப்பூர்ல அவங்க அண்ணன் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. பொடி இருக்கிற வீட்டுக்கு அவரை நான் கூட்டிட்டு வரமாட்டேன்."

"எனக்கு சைனஸ் அம்மா" என்றேன்.

"அப்பா" என்றாள். கேட் திறந்துவிட்டது.

இந்த ஒரு வாரமும் விட்டுப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விடலாம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலைவலி. கை எதையாவது தேடுகிறது. பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மாடியில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது வேறு. சரி, வட்டத்தன்றைக்கே விடுவோம், அதற்குள் எதற்கு அவசரம் என்று...

என்ன? ஏதோ கேட்டீர்களே. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

ஓ. சிகரெட்டை விட்டு அவ்வளவு நாள் ஆகியிருந்ததே, ஆபரேஷன் சமயத்தில் அவர் உடம்பில் நிகோடின் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா?

நல்ல கேள்வி. வகுப்பில் இப்படி ஒருவன்தான் கேட்பான், அவனைக் கண்டால் எனக்கு ஆகாது. சொல்கிறேன். கொண்டி ஹாஸ்டலில் தளர்ந்தது. ஒருமுறை தளர்ந்தால் தளர்ந்ததுதானே? ஆனால் அந்த எலிக் கட்டுரையில் இன்னொரு இடம் உண்டு. நிகோடினை நிறுத்தி, கொஞ்ச காலம் இடைவெளி விட்டு, அப்புறம் கோகெயின் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது... அந்த வேகம் இல்லை. கொண்டி தானாக இறுகிக்கொள்கிறது போலிருக்கிறது. எனக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பிரதியில் அந்தப் பக்கம் சரியாக விழவில்லை. மங்கலாக இருந்தது. அதனால் அதை நான் மகளிடம் சொல்லவில்லை. பொடி வேறு விஷயம் சார். பொடி மூக்கோடு நின்றுவிடும்.

இல்லை. நிற்காது. மூக்குச் சவ்வு வழியாக நேராக ரத்தத்துக்குப் போகும். அது எனக்குத் தெரியாமல் இருக்குமா? பாடமே நடத்தியிருக்கிறேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் அந்தத் தேக்கிலையைப் பாருங்கள்.

மணி அடிக்கிறது. கேட்டில் நிற்கிறாள் பாருங்கள், பச்சைப் புடவை, அவள்தான் என் மகள். பக்கத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் மாப்பிள்ளை. நல்ல தோளில் மாட்டியிருக்கிறார். இளைத்துவிட்டார். பேத்தி என்னைப் பார்த்துவிட்டாள். மூக்கில் விரலை வைத்துத் தும்முகிற மாதிரி செய்கிறாள் பாருங்கள். எனக்கு அவள் வைத்திருக்கிற அடையாளம் அது. தாத்தா என்று சொல்ல இன்னும் வரவில்லை.

"அப்பா! வாங்க, வட்டத்த ஆரம்பிக்கப் போறாங்க!"

வருகிறேன் அம்மா!

இந்தக் கைக்குட்டையைப் பாருங்கள். காலையில் இஸ்திரி போட்டு வெள்ளை வெளேரென்று கொடுத்து அனுப்பினாள். "இன்னைக்கு இதை வெச்சுக்கோங்கப்பா" என்றாள். இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் இப்படி ஆகிவிட்டது. எத்தனை தடவை போட்டேன்? நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சார், ஓர் உதவி. உங்களுக்குப் பாத்திரம் திரும்பி வருகிற வரைக்கும் இங்கேதானே இருப்பீர்கள்? இதைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். டப்பியும் கைக்குட்டையும். தெரியும், அங்கே வாளிக்கு முன்னால் வெறுங்கையோடு போய் நிற்கப் போகிறேன் என்று நினைக்கிறீர்கள். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கையில் டப்பி இருந்தால் வாய் திறக்காது, அதுமட்டும் தெரியும். இல்லாவிட்டால் திறக்குமா என்று கேட்காதீர்கள்.

தூக்கி எறிந்துவிடாதீர்கள், வெள்ளி.

நான் வெளியே வரும்போது அவர்களும் என்னோடு வந்தால், நீங்கள் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். நான் கேட்டால்கூடக் கொடுக்காதீர்கள்.

தனியாக வந்தால் கொடுங்கள்.